விசைப்பலகை மேக்ரோவும் ஒன்பது நட்சத்திரங்களும்



போன குருப்பெயர்ச்சிக்கு ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுக்க வந்த பல பேர் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மூணு எழுத்துதான் தட்டுறீங்க, ஒரு வரியே வந்து விழுதே, எப்படிண்ணே?" சிலர் ஏஐ-யா என்று கேட்டார்கள். ஒரு அம்மா, "ஏதும் வைரஸா இருக்கப் போவுது, பார்த்துக்கங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். பின்னால் வரிசை நிற்கும்போது எல்லாருக்கும் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் கிடையாது. ஐந்தாம் படிவம் முடித்து எஸ்பிஎம் எழுதிவிட்டு ஃபேக்டரிக்குள் போனவர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் மெஷின் பக்கத்திலேயே நின்று, இப்போது சூப்பர்வைசர் என்று ஒரு பேர். வேலை முடிந்து வந்தால் ஆலயத்தில் தொண்டு. எங்களுக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் கண்டிப்பாகப் புரியும்.

எதற்காக ஆரம்பித்தோம்

பெயர்ச்சி பூஜை என்றால் உங்களுக்குத் தெரியும். பெயர், நட்சத்திரம், ராசி. குடும்பத்தில் ஆறு பேர் என்றால் ஆறு வரி. பாதிப் பேர் நேரில் வருவார்கள், பாதிப் பேர் முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதையெல்லாம் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, காலையில் குருக்கள் கையில் கொடுக்க வேண்டும். சங்கல்பத்தில் அவர் அதைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தோம். பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. நட்சத்திரம் மொத்தமே 27. ராசி மொத்தமே 12. அதே வார்த்தைகளைத்தான் ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பேச்சுக்கு, 300 பேர் என்று வையுங்கள். நட்சத்திரமும் ராசியும் அடிக்க ஆளுக்குப் பத்து விநாடி என்றால் 3000 விநாடி. ஐம்பது நிமிஷம். அது வெறும் நேரக் கணக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் விரல் தடுமாறும், கண் எரியும். களைப்பில் பெயரைச் சரிபார்க்க வேண்டிய கவனமெல்லாம் "நட்சத்திரம், நட்சத்திரம்" என்று அடிப்பதிலேயே தீர்ந்துபோகும். ஃபேக்டரியில் இதை நாங்கள் நன்றாகப் பார்த்திருக்கிறோம். நைட் ஷிஃப்ட் கடைசி ரெண்டு மணி நேரத்தில் வரும் பிழைக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்த கை அது.

அப்போதுதான் நம் தொண்டர் குழுவில் இருக்கும் ஒரு தம்பி, "மேக்ரோ போட்டுடலாம் அங்கிள்" என்றார்.

மேக்ரோ என்றால் என்ன

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு சின்னக் கட்டளை கொடுத்தால், அது விரிந்து பல கட்டளையாக நடக்கும். அவ்வளவுதான். கிரேக்க மொழியில் 'மேக்ரோஸ்' என்றால் நீளமானது, பெரியது என்று அர்த்தம். ஒரு வரி எழுதினால் பத்து வரிக்குச் சமம் என்பதால் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் 1950-களிலேயே இந்தப் பெயரைப் புழங்கினார்கள். 1976-ல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் உருவான ஈமாக்ஸ் என்ற எழுதும் மென்பொருளின் பெயருக்குள்ளேயே மேக்ரோ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 கணக்குப் பலகையில் ஆல்ட் கீயோடு ஓர் எழுத்தை அழுத்தினால் ஒரு வரிசை வேலையே நடக்கும். அந்தக் காலத்தில் ஆபீஸில் கிராணி வேலை பார்த்த பெரியவர்கள் சிலருக்கு இது ஞாபகம் இருக்கலாம்.

நாங்கள் பயன்படுத்துவது ஆட்டோஹாட்கீ என்ற மென்பொருள். 2003-ல் வந்தது. இலவசம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். மேக் வைத்திருப்பவர்களுக்குக் கீபோர்டு மேஸ்ட்ரோ என்று ஒன்று இருக்கிறது. அது காசு கொடுத்து வாங்குவது.

இதில் ஏஐ எதுவும் கிடையாது. யோசிக்காது, ஊகிக்காது. நீங்கள் எந்தக் கீயைத் தட்டுகிறீர்கள் என்று பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். சொல்லி வைத்த எழுத்துகள் வரிசையாக வந்தால், அவற்றை அழித்துவிட்டு, சொல்லி வைத்த வரியை அந்த இடத்தில் போடும்.

தமிழுக்கு இது புதுசா?

கிடையவே கிடையாது. நம்மில் பல பேர் வருஷக்கணக்காக இதன் உறவுக்காரனோடுதான் பழகிக்கொண்டிருக்கிறோம். நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒலிக்கும்படி தட்டினால் தமிழ் எழுத்தில் அம்மா வருகிறது. நீங்கள் தட்டுகிற கீயை இடையில் ஒருவர் வாங்கி, மாற்றி, அடுத்த பக்கம் கொடுக்கிறார். கைப்பேசியில் அதே ஆளின் செல்லினத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்!

தமிழ்99 விசைப்பலகை இன்னும் நல்ல உதாரணம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. அதில் ஒரே மெய்யெழுத்துக் கீயை ரெண்டு தடவை அடுத்தடுத்துத் தட்டினால், முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'பக்கம்' என்று அடிக்கும்போது நடுவில் இருக்கும் க்-கு நாம் புள்ளி வைக்க வேண்டாம். அதுவே வைக்கும். 'ங' தட்டி 'க' தட்டினாலும் ங-வுக்குப் புள்ளி தானாக வந்துவிடும். தமிழில் எந்த இடத்தில் புள்ளி நிச்சயமாக வரும் என்று தெரிந்தவர்கள், அந்த நிச்சயமான இடத்தை மட்டும் மெஷினிடம் கொடுத்தார்கள். நிச்சயம் இல்லாத இடத்தில் புள்ளி வைக்கும் வேலை நம் விரலுக்குத்தான்.

இந்த ஒரு வரியைக் கொஞ்சம் மனசில் வையுங்கள். நிச்சயமான இடம் மெஷினுக்கு. நிச்சயம் இல்லாத இடம் மனுஷனுக்கு. கீழே வரப்போகிற நட்சத்திரக் கணக்கு முழுக்க இதுதான்.

மூன்று வகை

மேக்ரோவில் அடிப்படையாக மூன்று வகை என்று தம்பி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஒன்று, குறுக்குக் கீ. கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ் என்ற கீகளில் ஒன்றோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் ஒரு வேலை நடக்கும். நாங்கள் கண்ட்ரோல், ஆல்ட் ரெண்டோடும் ஆர் எழுத்தை அழுத்தினால் ரசீது பைல் திறக்கும்படி வைத்திருக்கிறோம்.

இரண்டு, சுருக்கம் விரிப்பது. நீங்கள் கவுண்டரில் பார்த்தது இதுதான். எக்ஸ், ஆர், ஓ என்று ஆங்கில எழுத்து மூன்றைத் தட்டி ஸ்பேஸ் அழுத்தினால் "ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி" என்று வந்து நிற்கும்.

மூன்று, பதிவு செய்து ஓட்டுவது. நாம் செய்கிற கீ அழுத்தம், மௌஸ் கிளிக் எல்லாவற்றையும் ஒரு தடவை பதிவு பண்ணிவிட்டு, அதே வரிசையில் திரும்ப ஓடவிடுவது. பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். ஆனால் இதைத்தான் நாங்கள் ஆலய வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

எங்கள் ஃபேக்டரி லைனில் ரோபோ கை ஒன்று உண்டு. அதற்கு வேலை கற்றுக்கொடுப்பது எப்படி என்றால், கையில் ஒரு ரிமோட் மாதிரி கருவியைப் பிடித்து, அந்தக் கையை நகர்த்தி, "இங்கே எடு, இங்கே வை" என்று ஒவ்வொரு இடத்தையும் சேமித்து வைப்போம். பிறகு பட்டனைத் தட்டினால் நாள் முழுக்க அதே இடத்துக்குப் போய் வரும். பொருள் ரெண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால்? காற்றைப் பிடித்துக்கொண்டு போய், காற்றை வைத்துவிட்டு வரும். அதற்கு வெட்கமும் கிடையாது, சந்தேகமும் கிடையாது. அதனால்தான் பொருள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சென்சார் போடுவோம்.

பதிவு மேக்ரோவும் அப்படித்தான். திரையில் ஒரு ஜன்னல் திறக்க அரை விநாடி தாமதமானால், அடுத்த வரி வேறு ஜன்னலில் போய் விழும். நடுவில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று எட்டிப் பார்த்தால், பெயர்ப் பட்டியல் யாருக்கோ செய்தியாகப் போனாலும் போகும். சென்சார் இல்லாத ரோபோ கை. வீட்டுக் கணக்குக்கு ஓட்டிப் பார்க்கலாம். ஊர் ஜனங்களின் பெயரை அதன் கையில் கொடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

இப்போது நட்சத்திரம்

இங்கேதான் எங்களுக்குள் பெரிய பேச்சே நடந்தது. தம்பி முதலில் சொன்னது இது: 27 நட்சத்திரத்துக்கும் 27 சுருக்கம் போடுவோம், ஒவ்வொன்றிலும் ராசியையும் சேர்த்துவிடுவோம், வேலை முடிந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்களில் ஜாதகம் தெரிந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கிவிட்டார். "தம்பி, பாதக் கணக்கை விட்டுட்டியே" என்றார்.

அவர் விளக்கினது இது. ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம். 27 நட்சத்திரத்துக்கு 108 பாதம். அதை 12 ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு 9 பாதம். ஒன்பது நான்கால் வகுபடாது. ஆகவே எல்லா நட்சத்திரமும் முழுசாக ஒரே ராசிக்குள் உட்கார முடியாது. சில நட்சத்திரம் ராசி எல்லையில் வெட்டுப்படும்.

உதாரணம் பாருங்கள். அசுவினி நான்கு பாதமும் மேஷம். பரணி நான்கும் மேஷம். எட்டு ஆகிவிட்டது. மேஷத்துக்கு இன்னும் ஒரு பாதம் வேண்டும். அது கிருத்திகையின் முதல் பாதம். மீதி மூன்று பாதம் ரிஷபத்துக்குப் போய்விடும். ஆகவே கிருத்திகை என்று மட்டும் சொன்னால் மேஷமா ரிஷபமா என்று சொல்ல முடியாது. ரோகிணிக்கு அந்தச் சிக்கல் இல்லை. நான்கு பாதமும் ரிஷபம்.

இப்படி 27-ஐயும் ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்தோம். முழுசாக ஒரே ராசியில் இருப்பது 18. வெட்டுப்படுவது 9. அந்த ஒன்பது எவை என்றால்:

கிருத்திகை: 1-ஆம் பாதம் மேஷம், மீதி ரிஷபம்.
மிருகசீரிஷம்: 1, 2 ரிஷபம். 3, 4 மிதுனம்.
புனர்பூசம்: 1, 2, 3 மிதுனம். 4 கடகம்.
உத்திரம்: 1 சிம்மம். மீதி கன்னி.
சித்திரை: 1, 2 கன்னி. 3, 4 துலாம்.
விசாகம்: 1, 2, 3 துலாம். 4 விருச்சிகம்.
உத்திராடம்: 1 தனுசு. மீதி மகரம்.
அவிட்டம்: 1, 2 மகரம். 3, 4 கும்பம்.
பூரட்டாதி: 1, 2, 3 கும்பம். 4 மீனம்.

இந்தப் பட்டியலை உங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் கொடுக்கும்போது உதவும்.

ஆக முடிவு என்ன? 18 நட்சத்திரத்துக்கு மேக்ரோ ராசியையும் சேர்த்து எழுதும். அது நிச்சயமான இடம். ஒன்பது நட்சத்திரத்துக்கு "கிருத்திகை நட்சத்திரம்," என்று காற்புள்ளி வரைக்கும்தான் எழுதும். அதற்கு மேல் நின்றுவிடும். கர்சர் சும்மா மினுக்கிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் தலையைத் தூக்கி, உங்கள் முகத்தைப் பார்த்து, "என்ன ராசிம்மா?" என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் அடுத்த வரிக்குப் போக முடியும். ஃபேக்டரியில் சென்சார் வைத்த மாதிரி, இங்கே நாங்கள் வேண்டும் என்றே ஒரு நிறுத்தம் வைத்திருக்கிறோம்.

சில பேருக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். "முன்னால நின்னவருக்குக் கேக்கல, எனக்கு மட்டும் ஏன் கேக்குறீங்க?" என்று ஒருவர் கேட்டார். அவர் விசாகம், முன்னால் நின்றவர் அனுஷம். காரணம் அவ்வளவுதான் சார்.

ஒரு பாட்டி வந்திருந்தார். பேரனுக்குக் கிருத்திகை. எத்தனையாம் பாதம் என்று கேட்டோம். "பாதமெல்லாம் எனக்கு என்னய்யா தெரியும். ஐயர் ரிஷபம்னு எழுதிக் குடுத்தாரு" என்று முந்தானை முடிச்சிலிருந்து மடித்து வைத்த ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். ரிஷபம் என்று அடித்தோம். பேரன் வேலை விஷயமாக ரொம்ப அலைகிறானாம். பட்டியல் பிரிண்ட் ஆகி வந்ததும் அந்த வரியைத் தேடிப் படிக்கச் சொன்னார். படித்தோம். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். மறுபடியும் படித்தோம். அப்புறம்தான் போனார். அவருக்கு அந்த ஒரு வரி முக்கியம். 300 பேரில் ஒரு வரி என்பது எங்கள் கணக்கு. அவருக்கு அது பேரன்.

பழக ஆரம்பிப்பவர்களுக்குச் சில விஷயம்

பக்கத்து ஆலயத் தொண்டர்கள் சிலரும் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறோம்.

நோட்பேடில் ஒரு வரி எழுதத் தெரிந்தால் போதும். இரண்டு முக்காற்புள்ளி போட்டு, சுருக்கம் எழுதி, மறுபடி இரண்டு முக்காற்புள்ளி போட்டு, விரிவு எழுத வேண்டும். அந்தப் பைலை ஆட்டோஹாட்கீ பைலாகச் சேமித்து, இரண்டு தடவை கிளிக் செய்தால், கீழே வலது மூலையில் பச்சை நிறத்தில் ஹெச் எழுத்துப் போட்ட சின்னப் படம் ஒன்று தெரியும். தெரிந்தால் ஓடுகிறது என்று அர்த்தம்.

சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமியுங்கள். இல்லையென்றால் தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் குப்பை குப்பையாக ஏதோ வரும்.

2022 டிசம்பரில் இதன் இரண்டாம் பதிப்பு வந்தது. எழுதும் முறை கொஞ்சம் மாறியிருக்கிறது. பழைய யூடியூப் வீடியோ பார்த்து எழுதினால் புதுசில் ஓடாமல் போகலாம். எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

சுருக்கத்துக்குச் சும்மா கிடைக்கிற எழுத்தை வைக்காதீர்கள். அனுஷத்துக்கு ஆங்கிலத்தில் 'அனு' என்று வைத்தால் எழுத வசதிதான். ஆனால் அனு என்று பெயருள்ள ஒரு பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ரசீது போடும்போது, பெயர் போய் "அனுஷம் நட்சத்திரம், விருச்சிக ராசி" என்று வந்து நிற்கும். அதனால்தான் எல்லாச் சுருக்கத்துக்கும் முன்னால் எக்ஸ் எழுத்தைச் சேர்த்தோம். எக்ஸ், ஆர், ஓ என்று ஆரம்பிக்கிற பெயர் மலாயிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை, நம்மிடமும் இல்லை.

பெயரை மட்டும் தமிழில், கையால் அடியுங்கள். தமிழ்க் கீபோர்டுக்கும் ஆங்கிலக் கீபோர்டுக்கும் மாற, விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தினால் போதும்.

நிறுத்தும் கீ ஒன்று கட்டாயம் வேண்டும். ஃபேக்டரியில் ஒவ்வொரு மெஷினிலும் சிவப்புக் காளான் மாதிரி ஒரு பட்டன் இருக்கும். என்ன நடந்தாலும் அதை அடித்தால் மெஷின் நிற்கும். அது மாதிரி, எஸ்கேப் கீயை அழுத்தினால் மேக்ரோ முழுக்க நிற்கும்படி நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். முதல் வரியாக எழுதியதே அதுதான்.

பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு எண், அடையாள அட்டை எண் எதையும் மேக்ரோவுக்குள் எழுதக் கூடாது. அந்தப் பைலை யார் திறந்தாலும் நோட்பேடில் பளிச்சென்று தெரியும். பூட்டு கிடையாது.

வைரஸ் பயம் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானதுதான் அக்கா. 1999 மார்ச்சில் மெலிஸ்ஸா என்ற வைரஸ் உலகம் முழுக்க மின்னஞ்சலைத் திணற அடித்தது. அது வந்தது வேர்டு பைலுக்குள் இருந்த ஒரு மேக்ரோவாக. பைலைத் திறந்தவுடன், அந்த ஆளின் முகவரிப் புத்தகத்தில் இருந்த முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அனுபவப்பட்டுத்தான் 2022-லிருந்து மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வரும் ஆபீஸ் பைல்களின் மேக்ரோவைத் தானாகவே தடுத்து வைக்கிறது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய மேக்ரோ பைலைத் திறக்காதீர்கள். நம்முடையதை நாமே எழுதுவோம். ஒவ்வொரு வரியும் நமக்குப் புரிய வேண்டும். புரியாத வரி ஒன்று இருந்தாலும் ஓட்டக் கூடாது.

பட்டனைத் தட்டினால் பக்தியா?

இதையும் பேசாமல் விட முடியாது. எங்களில் சிலருக்கே இந்த நெருடல் இருந்தது. சாமி காரியத்தைக் கையால் எழுதினால்தான் தொண்டு, மெஷின் எழுதினால் என்ன புண்ணியம் என்று ஒரு மூத்த தொண்டர் கேட்டார். நியாயமான கேள்வி.

நாங்கள் மின்சார மேளத்தை யோசித்துப் பார்த்தோம். பல ஆலயங்களில் இருக்கிறது. மோட்டார் சுற்றும், குச்சி மேளத்தில் விழும், மணி சேர்ந்து அடிக்கும். தீபாராதனை நேரத்தில் ஆள் இல்லாத ஆலயத்துக்கு அது பெரிய துணை. ஆனால் தீபம் காட்டுகிறார்களா, திரை விலகியதா என்று அந்த மேளத்துக்குத் தெரியாது. சுவிட்சைப் போட்டால் அடிக்கும். நடு மத்தியானம் நடை சாத்தியிருக்கும்போது போட்டாலும் அதே சுருதியில் அடிக்கும். குருக்கள் கையைப் பார்த்து, சரியான நேரத்தில் சுவிட்ச் போட ஒரு ஆள் பக்கத்தில் நிற்கிறாரே, தொண்டு அவருடையது.

மேக்ரோவும் அந்த மேளம்தான். மிச்சமாகும் ஐம்பது நிமிஷத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் தொண்டு இருக்கிறது. நாங்கள் அந்த நேரத்தில் இரண்டு பேராக உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்க்கிறோம். ஒருவர் வாட்ஸ்அப்பைப் பார்த்து வாசிப்பார், இன்னொருவர் பேப்பரில் விரல் வைத்துப் பார்ப்பார். தர்ஷினியா தாரிணியா, கவினா கெவினா என்று சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்போம். முன்பு இதற்கு நேரமே இருந்ததில்லை. அந்த மூத்த தொண்டர் இப்போது சரிபார்க்கும் பெஞ்சில்தான் உட்காருகிறார். கீபோர்டைத் தொட மாட்டேன் என்கிறார். தொட வேண்டாம். அவர் கண்தான் எங்களுக்கு வேண்டும்.

ஏன் இப்போது எழுதுகிறோம்

எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்த தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. ஈப்போவில் இது புதுசு இல்லை. நம் பிள்ளைகள் பாதிப் பேர் ஜொகூர் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். சந்தோஷமாக அனுப்பி வைக்கிறோம். ஆனால் ஒரு விஷயம் ஒரே ஆள் தலைக்குள் மட்டும் இருந்தால், அந்த ஆள் போகும் அன்றைக்கு அதுவும் பஸ் ஏறிவிடும். ஃபேக்டரியில் ஒரே ஒரு டெக்னீஷியனுக்கு மட்டும் தெரிந்த மெஷின், அவர் லீவு எடுத்தால் துணி போட்டு மூடிக் கிடக்கும். ஆலயத்துக்கு அந்த நிலைமை வரக் கூடாது.

அதனால் தம்பி போவதற்கு முன்னால், 27 சுருக்கத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வாங்கிவிட்டோம். எந்தச் சுருக்கம் எதற்கு, எங்கே நிற்கும், நின்றால் என்ன கேட்க வேண்டும், மெஷின் ஓடவே இல்லை என்றால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் தமிழில். மெஷின் ஓடவில்லை என்றால் செய்ய வேண்டியது: பேனாவை எடுத்து எழுத வேண்டும். அதையும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். நோட்டு அலுவலக மேசையின் முதல் டிராயரில் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது மூன்று

ஒன்று. பெயர் அனுப்பும்போது ஒரு ஆளுக்கு ஒரு வரியாக, பெயர், நட்சத்திரம், ராசி என்ற வரிசையில் அனுப்புங்கள். மேலே சொன்ன ஒன்பது நட்சத்திரக்காரர்கள் ராசியை விடாமல் எழுதுங்கள். தெரியாவிட்டால் பரவாயில்லை, "ராசி தெரியாது" என்றே எழுதுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். வாய்ஸ் மெசேஜ் வேண்டாமே, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். 😀

இரண்டு. உங்கள் கைப்பேசியிலேயே இதைப் பழகிப் பார்க்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு என்று போனால் டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மெண்ட் என்று ஒன்று இருக்கும். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு வைத்திருப்பவர்கள், அதன் செட்டிங்ஸில் பெர்சனல் டிக்ஷனரி என்பதைத் தேடுங்கள். குடும்பத்தார் பெயர், நட்சத்திரம், ராசி எல்லாவற்றையும் ஒரு சுருக்கத்துக்குள் வைத்துவிட்டால், ஒவ்வொரு விசேஷத்துக்கும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. வைப்பதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபாருங்கள். தப்பாக வைத்தால் வருஷம் முழுக்கத் தப்பாகவே வரும்.

மூன்று. பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள், வேலை ஓய்வு பெற்றவர்கள், வீட்டில் இருக்கும் அம்மாமார்கள், யாராக இருந்தாலும் சனிக்கிழமை மாலை பூஜைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். பிரசாதம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்காருவோம். கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்தால் சரிபார்க்கும் பெஞ்சில் இடம் இருக்கிறது. டைப் செய்யத் தெரிந்தால் கீபோர்டு பக்கம். அடுத்த பெயர்ச்சிக்குள் குறைந்தது நான்கு பேருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

சந்தேகம் இருந்தால் கீழே கமெண்டில் கேளுங்கள். வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாகப் பதில் போடுகிறோம்.

அம்பாள் அருளால் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். 🙏

ஆலயத் தொண்டர்கள், சிலிபின்